பெருக்கெடுத்த வெஸ்ட் பிராஞ்ச் டெலவேரில் ட்ரவுட்: எங்கே நின்று தூண்டில் வீசுவது?

கேள்வி

வணக்கம். சென்ற சனிக்கிழமை நானும் என் நண்பரும் நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட் பிராஞ்ச் டெலவேர் ஆற்றுக்கு ஃப்ளை (பூச்சி போலக் கட்டிய செயற்கை இரை) தூண்டிலுடன் ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீனைப் பிடிக்கச் சென்றிருந்தோம். இரண்டு நாள் மழையில் மேலே உள்ள கேனன்ஸ்வில் நீர்த்தேக்கம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஹேல் எடி அளவீட்டு நிலையம் வினாடிக்கு 2,300 கன அடி காட்டியது. 600 கன அடிக்கு மேல் அந்த ஆற்றை நான் பார்த்ததே இல்லை. நாங்கள் எப்போதும் நிற்கும் சரளைத் திட்டு முழுவதும் மூழ்கி, கரையோரப் புற்களின் தலை மட்டும் நீரில் ஆடிக்கொண்டிருந்தது.

மூன்று மணி நேரம் காரோட்டி வந்த பிறகு திரும்பிப் போக மனம் வரவில்லை. நடு ஆற்றில் வேக ஓட்டமும் மெது ஓட்டமும் உரசிக்கொள்ளும் அந்தப் பழகிய இடத்தை எட்டிவிடலாம் என்று நண்பர் நீரில் இறங்கினார். நான்காவது அடியில், தொடையளவு நீரில், காலடிக் கற்கள் உருளத் தொடங்கின. நான் கரையிலிருந்து நீட்டிய ஊன்றுகோலைப் பற்றிக்கொண்டு அவர் மீண்டு வந்தார். அதன் பிறகு மாலை வரை கரையில் நின்றபடி, வழக்கமான சிறிய நிம்ஃபையும் (நீர்ப்பூச்சியின் இளம் பருவம் போன்ற இரை) மெல்லிய 6எக்ஸ் டிப்பெட்டையும் (இரையைக் கட்டும் நுனி இழை) இயன்ற தொலைவுக்கு வீசினோம். ஒரு மீன்கூடத் தொடவில்லை.

காருக்குத் திரும்பும் வழியில்தான் என் கேள்வி பிறந்தது. மூழ்கிய புல்லை ஒட்டி, முழங்காலளவுகூட ஆழமில்லாத நீரில், எங்கள் நிழல் விழுந்ததும் நல்ல பெரிய பிரவுன் ட்ரவுட் ஒன்று விலகி ஓடியது. நாள் முழுவதும் மீன் இல்லாத இடத்தைப் பார்த்தா வீசிக்கொண்டிருந்தோம்? அடுத்த முறை எந்த அளவைக் கண்டால் நீரில் இறங்காமல் இருப்பது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

முதல் பதில்

நீங்கள் மாலையில் கண்ட அந்த ஒரு மீனே உங்கள் முதல் கேள்விக்கு விடை சொல்லிவிட்டது. ட்ரவுட் தன் உடல் வலுவை வீணாக்காது. ஓட்டம் மெதுவாக இருந்து, அதன் அருகே உணவு மிதந்து செல்லும் இடத்தைத்தான் தேடி நிற்கும். ஆறு 600 கன அடியில் ஓடும்போது அந்த இடம் நடு ஆற்றில் கிடைக்கிறது. 2,300 கன அடியில் நடு ஆறு அடித்துக்கொண்டு போகும்போது, அதே இடம் கரையை ஒட்டிய இரண்டு மூன்று அடி அகலத்துக்கு நகர்ந்துவிடுகிறது. மூழ்கிய புல், வளைவின் உட்புறம், பெரிய பாறையின் பின்னால் நீர் தயங்கும் மடிப்பு, சிற்றோடை வந்து சேரும் வாய் ஆகியவற்றில்தான் மீன் ஒதுங்கி நிற்கும். ஆகவே நீங்கள் நின்ற கரையோரத்தில்தான் மீனும் நின்றுகொண்டிருந்தது. வெள்ள நாளில் முதல் வீச்சைக் கரையிலிருந்து நான்கடி பின்வாங்கி நின்று, காலடிக்கு முன்னுள்ள நீரில் இட வேண்டும் என்பதை நான் பல ஆண்டுகள் கழித்தே கற்றுக்கொண்டேன்.

தூண்டிலையும் மாற்றியாக வேண்டும். கலங்கல் நீரில் மீன் டிப்பெட்டின் பருமனைப் பார்ப்பதில்லை. எண் குறைய இழை பருமனாகும் என்பதால் 2எக்ஸ் அல்லது 3எக்ஸ் போடுங்கள், வேகநீரில் மீனை இழுத்து நிறுத்தவும் அது தேவைப்படும். மழை கரை மண்ணை அறுக்கும்போது மண்புழுக்கள் ஆற்றில் விழுவதால், சான் ஹுவான் வோர்ம் என்று அழைக்கப்படும், நூலால் கட்டிய சிவப்புச் செயற்கைப் புழுவும், ஸ்டோன்ஃப்ளை என்னும் நீர்ப்பூச்சியைப் போன்ற கனமான பெரிய நிம்ஃபும் அன்று நன்றாக வேலை செய்யும். சிறுமீன் போலக் கட்டிய ஸ்ட்ரீமர் போடுவதாக இருந்தால் கறுப்பு நிறத்தைத் தேர்ந்தெடுங்கள், ஏனெனில் கலங்கலில் நிறங்கள் மங்கிவிடும், கறுத்த உருவம் மட்டும் தெளிவாகத் தெரியும். எதைப் போட்டாலும் அது அடியைத் தொட வேண்டும். படுகைக் கற்களில் உராய்வதால் அடிநீர் மேல்நீரைவிட மெதுவாக ஓடுகிறது, மீனும் அங்கேதான் கிடக்கிறது. ஈயக்குண்டு சேர்க்கச் சோம்பல்படுகிறவர்கள் வெள்ள நாளில் வெறும் கையோடுதான் திரும்புவார்கள்.

இரண்டாம் பதில்

மீன் கிடைக்காததைவிட உங்கள் நண்பரின் நான்காவது அடிதான் எனக்குக் கவலை தருகிறது. ஆழமறியாமல் காலை விடாதே என்று நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். ஓடும் ஆற்றில் ஆழத்தோடு வேகத்தையும் அறிய வேண்டும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் நீரளவைப் பணியாளர்கள் ஆற்றில் இறங்குவதற்கு ஒரு எளிய கணக்கை வைத்திருக்கிறார்கள்: அடிக்கணக்கில் அளந்த ஆழத்தை, வினாடிக்கு இத்தனை அடி என்ற வேகத்தால் பெருக்கினால் 10 வருமிடத்தில் இறங்கக் கூடாது. இரண்டடி ஆழமே ஆனாலும் வேகம் ஐந்தடியாக இருந்தால் அந்த எல்லை வந்துவிடுகிறது. வேகத்தை அளக்கக் கருவி தேவையில்லை. கரையில் இருபதடி அளந்துகொண்டு, மிதக்கும் குச்சி ஒன்று அதைக் கடக்க நான்கு வினாடி எடுத்தால் வேகம் ஐந்தடி. அவர்கள் நாள்தோறும் ஆற்றில் நிற்பவர்கள் என்பதால், நான் எனக்கு 6 என்றே எல்லை வைத்திருக்கிறேன். வெஸ்ட் பிராஞ்சைப் பொறுத்தவரை, ஹேல் எடி 1,500 கன அடியைத் தாண்டினால் நான் முழங்காலுக்கு மேல் இறங்குவதில்லை.

வேடரின் (நீர் புகாத நீள்காற்சட்டை) இடைப்பட்டையை இறுக்கிக் கட்டாமல் கரையை விட்டு இறங்காதீர்கள். நீர் நிறைந்த வேடர் ஆளை அடிக்கு இழுத்துவிடும் என்பது தவறான நம்பிக்கை, உள்ளே இருக்கும் நீரும் வெளியே இருக்கும் நீரும் ஒரே எடைதான். ஆனால் அத்தனை நீரைச் சுமந்துகொண்டு கரையேற முடியாது, குளிர்நீர் உடலைச் சுற்றிக்கொள்ளவும் செய்யும். அடித்துச் செல்லப்பட்டால் மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டிக் கரைப்பக்கம் ஒதுங்க வேண்டும். வேகநீரில் எழுந்து நிற்க முயலவே கூடாது; கற்களின் இடுக்கில் பாதம் சிக்கினால் ஓட்டம் ஆளை முகம் குப்புறச் சாய்த்துவிடும். நீரில் விழுந்து கிடக்கும் மரத்துக்கு மேற்புறம் இறங்குவதையும் தவிருங்கள். கிளைகள் நீரைப் போகவிடும், மனிதனைப் போகவிடாது.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் என் நன்றி. நண்பரும் இதைப் படித்தார். ஒரே ஐயம்: ஜூலையில் மழையே இல்லாத ஒரு வாரத்திலும் இந்த ஆறு உயர்ந்து ஓடியதாக ஒருவர் சொன்னார். அன்றும் இதே முறைதானா?

மூன்றாம் பதில்

அது வேறு வகை வெள்ளம். கேனன்ஸ்வில் நியூயார்க் நகரத்தின் குடிநீர்த் தேக்கம். 1964 முதல் பயன்பாட்டில் உள்ளது. கீழே நியூஜெர்சியின் மாண்டேகு என்னுமிடத்தில் டெலவேர் ஆற்றின் ஓட்டத்தைப் பேண அந்நகரம் நீர் திறந்துவிட வேண்டும் என்று 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பாணை பிறப்பித்தது. அங்குள்ள இலக்கு வினாடிக்கு 1,750 கன அடி. காவிரி நீர்ப் பங்கீட்டைச் செய்தித்தாளில் படித்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். எனவே கோடை வறண்டு மற்ற கிளையாறுகள் இளைக்கும்போது, அணையின் அடிமட்டத்திலிருந்து திறக்கப்படும் நீரால் வெஸ்ட் பிராஞ்ச் உயர்கிறது. அந்த நீர் தெளிவாகவும் மிகக் குளிராகவும் இருக்கும். மீன் அன்றும் ஓரம் ஒதுங்கும் என்றாலும் தெளிந்த நீரில் உங்களைப் பார்த்துவிடும். டிப்பெட்டை மீண்டும் மெல்லியதாக்கி, குனிந்து அணுக வேண்டும். கோடை வெயிலில் நின்றாலும் கால் மரத்துப் போவதை மறந்துவிடாதீர்கள்.

மழை வெள்ளத்தில் எங்கே போவது என்பதற்கும் ஒரு வழி உண்டு. கலங்கலில் பெரும்பங்கை டெபாசிட் ஊரில் வந்து சேரும் ஒக்வாகா ஓடை கொண்டுவருகிறது. அதற்கு மேலே, ஸ்டைல்ஸ்வில் பக்கம், நீர் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஸ்டைல்ஸ்வில், ஹேல் எடி ஆகிய இரு நிலையங்களின் அளவையும் இணையத்தில் பாருங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு பக்க ஓடைகள் கொண்டுவரும் நீர். அது பெரிதாக இருந்தால் டெபாசிட்டுக்கு மேலேயே நின்றுவிடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் இருவர் என்பதால் சொல்கிறேன். வெள்ள நாளில் நானும் என் தோழரும் ஒரே தூண்டில் கோலைத்தான் எடுத்துச் செல்கிறோம். ஒருவர் வீசும்போது மற்றவர் இருபதடி கீழே, கையில் வலையும் எறிகயிறுமாக, மேலிருந்து மிதந்து வரும் மரக்கட்டைகளைக் கவனித்தபடி நிற்பார். மீன் மாட்டினால் ஓட்டத்தோடு அது கீழே பாயும் இடத்தில் வலை ஏற்கெனவே காத்திருக்கும். அரை மணிக்கு ஒரு முறை மாறிக்கொள்கிறோம்.