ஒரு அச்சகம், நாலு விதக் கணினி: பைல் அனுப்பும் மென்பொருள் தேடிய அனுபவம், உங்களுடையதையும் எழுதுங்கள்

கடைவீதி அச்சகம்:

சேலம் கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் நோட்டீஸ், ஜவ்வரிசி மில்களுக்கு லேபிள், இதுதான் வேலை. உள்ளே நாலு கணினி. பிளேட் எடுக்கும் மெஷினோடு ஒரு விண்டோஸ் எக்ஸ்.பி. அந்த மெஷினின் மென்பொருள் வேறு எதிலும் ஓடாது, அதனால் மாற்ற வழியில்லை. டைப் அடிக்கும் தங்கச்சியிடம் விண்டோஸ் 10. டிசைனர் தம்பி தோளில் மாட்டிக்கொண்டு வரும் பழைய மேக். முடிந்த வேலைகளைச் சேர்த்து வைக்க ஒரு லினக்ஸ் பெட்டி.

இந்த நாலுக்கும் நடுவில் ஒரே ஒரு பென் டிரைவ்தான் ஓடிக்கொண்டிருந்தது. போன தை மாத முகூர்த்த நெருக்கடியில் அது என்னைக் கைவிட்டது. பிழை திருத்திய பத்திரிகை மேக்கில் இருந்தது, திருத்தாதது பென் டிரைவில். பிளேட் எடுத்தது திருத்தாததை. மாப்பிள்ளையின் தாத்தா பெயரில் ஒரு எழுத்து போய் 500 பத்திரிகை அச்சாகிவிட்டது. அவர் காலமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அந்த வீட்டுக்காரர் என் முன்னால் நின்று அதைப் படித்தபோது அவர் முகம் மாறியதை இன்னும் மறக்க முடியவில்லை. அன்றிரவே முழுவதும் திரும்ப அடித்துக் கொடுத்தேன். அப்புறம்தான் இனி பைல் கம்பி வழியாகவே போக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நாலிலும் ஓடும் மென்பொருள் என்று தேடினால் மேலே வருவது எல்லாம் விளம்பரம். ஒரு பக்கத்தில் பச்சை நிறத்தில் பெரிதாக நாலு 'டவுன்லோட்' பொத்தான். உண்மையான இணைப்பு அடியில் பொடி எழுத்தில் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. நான் அழுத்தியது பச்சைப் பொத்தானை. வந்தது நான் கேட்ட மென்பொருள் இல்லை, அதை இறக்கித் தருவதாகச் சொல்லும் இன்னொரு சின்ன மென்பொருள். 'நெக்ஸ்ட்' 'நெக்ஸ்ட்' என்று போனதில் பிரவுசரின் முகப்பு மாறி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு கூப்பன் விளம்பரம் வர ஆரம்பித்தது. தங்கச்சியின் கணினியைச் சுத்தம் செய்ய இரண்டு நாள் போனது.

அதன் பிறகு எழுதியவர்களின் சொந்தத் தளம் எது என்று உறுதி செய்யாமல் எதையும் இறக்குவதில்லை. முகவரியில் மென்பொருளின் பெயர் இருப்பது மட்டும் போதாது. தூரத்துக் கணினிக்குள் நுழைய உதவும் புட்டி என்ற மென்பொருளை எழுதியவர் சைமன் டேட்டம். அதன் உண்மையான பக்கம் பல வருடமாக இருந்த தளத்தின் பெயரில் புட்டி என்ற சொல்லே கிடையாது. புட்டி டாட் ஆர்க் என்ற முகவரியில் இருக்கும் தளமோ அவருடையது இல்லை. இதை அறிந்த நாளில் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

எக்ஸ்.பி. தனிக் கதை. அதற்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. புதிய பாதுகாப்பு முறைகள் அதன் பழைய பிரவுசருக்குத் தெரியாததால் பல தளங்கள் திறக்கவே இல்லை. வேறு கணினியில் இறக்கிக் கொண்டுபோய் வைத்தால், இது சரியான வின்32 நிரல் இல்லை என்று பிழை. புதிய பதிப்புகள் எக்ஸ்.பி.யைக் கைவிட்டுவிட்டன. பழைய பதிப்பு ஒன்றைத் தேடிப் போட்டேன், ஓடியது. ஆனால் லினக்ஸ் பெட்டி அதை உள்ளே விடவில்லை. பழைய மென்பொருளுக்குத் தெரிந்த பூட்டு முறைகளைப் புது லினக்ஸ் ஏற்பதில்லை. கடைசியில் அதற்கு மட்டும் பைல் அனுப்பும் பழைய முறையான சாதாரண எஃப்.டி.பி., அதுவும் இணையத்தோடு சேராத தனிக் கம்பியில். எஃப்.டி.பி. கடவுச்சொல்லைக்கூடத் திறந்தபடியே அனுப்பும். அதனால் அந்தக் கம்பி அச்சகத்தின் சுவரைத் தாண்டக் கூடாது என்பதில் கறாராக இருக்கிறேன்.

மற்ற மூன்றுக்கும்? மேக்கிலும் லினக்ஸிலும் பைலைப் பூட்டி அனுப்பும் எஸ்.எஃப்.டி.பி. ஏற்கெனவே இருந்தது. விண்டோஸ் 10-இலும் 2018-இல் வந்த புதுப்பிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது. கருப்புத் திரையில் தட்டச்சு செய்யப் பழகினால் போதும். தங்கச்சிக்கு அது பிடிக்கவில்லை என்பதால், மவுஸால் இழுத்துப் போட்டே பைல் அனுப்பும் பைல்சில்லா என்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்தேன். 2001-இல் டிம் கோசேயும் வகுப்புத் தோழர்கள் இருவரும் கணினிப் பாடத்துக்காகத் தொடங்கியது அது. இரண்டு நாள் பாழாகும் முன்பே, கணினியில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

உங்களுக்கு எப்படி நடந்தது? குறிப்பாகப் பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் எழுதுங்கள்.

ஏற்காட்டுக் காப்பி மணம்:

தம்பி, அந்தத் தாத்தா பெயரைத் திரும்ப அடித்துக் கொடுத்தீர்களே, அது பெரிய விஷயம்.

நான் ஓய்வு பெற்று மலைக்கு வந்து பல வருடம் ஆகிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சேலத்தில் ஒரு தொழிற்சாலைக் கணக்குப் பிரிவில் இருந்தேன். ஒரு பக்கம் யூனிக்ஸ் பெட்டி, இன்னொரு பக்கம் டாஸ் ஓடும் இரண்டு கணினி. நடுவில் நாங்களே ஈயம் வைத்துப் பற்றவைத்த சீரியல் கேபிள். வேகம் நொடிக்கு 9600 பிட். அதாவது ஏறக்குறைய 960 எழுத்து. 360 கே.பி. பிளாப்பி ஒன்றின் அளவு போக ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடினாலே ஆறரை நிமிடம்.

நாங்கள் நம்பியது கெர்மிட் என்ற மென்பொருளை. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1981-இல் ஃபிராங்க் டா குரூஸ், பில் கேச்சிங்ஸ் இருவரும் உருவாக்கியது. பொம்மலாட்டத் தவளை ஒன்றின் பெயரை வைத்தார்கள். அதன் அழகு, எந்த மெஷினையும் தள்ளி வைக்காது. பெரிய மெயின்பிரேம் முதல் மேசைக் கணினி வரைக்கும் யாரோ ஒருவர் அதை எழுதிக் கொடுத்திருப்பார். பைலைச் சின்னச் சின்னப் பொட்டலமாக வெட்டும். ஆரம்ப நாளில் ஒரு பொட்டலம் 94 எழுத்துக்கு மேல் போகாது. ஒவ்வொன்றிலும் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். தப்பாக வந்தால் அந்தப் பொட்டலத்தை மட்டும் திரும்பக் கேட்கும். பக்கத்து ஷெட்டில் மோட்டார் போடும்போதெல்லாம் எங்கள் கேபிளில் குப்பை எழுத்து வரும். அப்படியும் ஒரு கணக்குப் பைல்கூடக் கெட்டதில்லை.

இதில் ஒரு முடிச்சு உண்டு. பைல் அனுப்பும் மென்பொருளே இல்லாத கணினிக்கு அந்த மென்பொருளை எப்படி அனுப்புவது? இதற்காகவே நிரலைச் சாதாரண எழுத்துகளாக மாற்றி வைத்திருப்பார்கள். 'பூ' (BOO) பைல் என்று பெயர். அதைத் திரும்ப நிரலாக்க, பேசிக் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல் ஒன்றும் கூடவே இருக்கும். ஒரு தடவை அந்தப் பேசிக் நிரலை நான் தாளைப் பார்த்து ஒவ்வொரு வரியாகக் கையால் அடித்தேன். ஒரு எழுத்து தப்பினாலும் ஓடாது. கடைசியில் கெர்மிட்டின் பெயர் திரையில் வந்தபோது பிரிவே என் மேசையைச் சுற்றி நின்றது.

கொலம்பியா 2011-இல் அந்தத் திட்டத்தை நிறுத்தியது. நிரலைத் திறந்த உரிமத்தில் விட்டுவிட்டதால் சி-கெர்மிட் இன்றும் கிடைக்கிறது, லினக்ஸில் ஓடுகிறது. சீரியல் போர்ட் மட்டும் இருக்கும் பழைய மெஷின் யாரிடமாவது இருந்தால் அதைப் பாருங்கள்.

இளம்பிள்ளை தறிக்காரர்:

ஐயா சொன்ன சரிபார்ப்பு எண் எங்களிடம் இருந்திருந்தாலும் என் பிழை பிடிபட்டிருக்காது. ஏனென்றால் கெடுத்தது கேபிள் இல்லை, நான் விட்ட ஒரு சொல்.

எங்கள் ஜக்கார்டு தறிக்கு டிசைன் பைல் சேலத்தில் ஒரு டிசைனரின் லினக்ஸ் கணினியிலிருந்து வரும். விண்டோஸோடு வரும் எஃப்.டி.பி.யில் இறக்கினேன். மாங்காய் பார்டர் முதல் வரிசை சரியாக வந்தது. அப்புறம் ஒவ்வொரு வரிசையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துகொண்டே போனது. அரை முழம் நெய்த பிறகுதான் கவனித்தோம். பட்டு இழை, அறுத்து எடுக்க வேண்டியதாயிற்று.

பைல் அளவைப் பார்த்தால் டிசைனரிடம் இருப்பதைவிட என்னிடம் 300 பைட் அதிகம். அந்த எஃப்.டி.பி. எதுவும் சொல்லாவிட்டால் எல்லாவற்றையும் உரை என்றே எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் வரி முடிவு ஒரு பைட், 10. விண்டோஸில் இரண்டு, 13-ம் 10-ம். அதனால் படத்துக்குள் எங்கெல்லாம் தற்செயலாக 10 என்ற பைட் இருந்ததோ, அங்கெல்லாம் முன்னால் ஒரு 13 சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு பைட்டும் மீதிப் படத்தை ஒரு புள்ளி தள்ளியது. 'பைனரி' என்று ஒரே ஒரு சொல் அடித்துவிட்டு இறக்கியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

இந்த உரை முறை எதற்கு இருக்கிறது என்று கோபமாகத்தான் தேடினேன். எஃப்.டி.பி.யின் முதல் வரையறை 1971 ஏப்ரலில் வந்தது. எழுதியவர் அபய் பூஷண், ஐ.ஐ.டி. கான்பூரின் முதல் அணியில் படித்து எம்.ஐ.டி.க்குப் போனவர். அன்றைக்கு ஒரு கணினியின் எழுத்து முறை இன்னொன்றுக்குப் புரியாது. ஒருவர் அனுப்பும் கடிதம் மற்றவரிடம் படிக்கும்படி போய்ச்சேர வேண்டும் என்றுதான் அந்த மாற்றத்தை உள்ளே வைத்திருக்கிறார்கள். இது தெரிந்ததும் கோபம் போய்விட்டது.

இப்போது அளவு மட்டும் பார்ப்பதில்லை. பைலில் ஒரு பைட் மாறினாலும் மாறிவிடும் ஷா-256 என்ற சரிபார்ப்பு எண்ணையும் டிசைனர் வாட்ஸ்அப்பில் அனுப்புவார், 64 எழுத்து. அதைக் கணக்கிட விண்டோஸில் 'சர்ட்யூட்டில்' என்ற கட்டளை, லினக்ஸில் 'ஷா256சம்'. இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் தறிக்குப் போகும். மென்பொருள் இறக்கும்போதும் இதையே செய்கிறேன். ஆனால் எண்ணை எழுதியவரின் தளத்திலிருந்து எடுக்க வேண்டும். பைல் கிடைத்த அதே சந்தேகமான பக்கத்தில் இருக்கும் எண்ணை ஒப்பிட்டுப் பயனில்லை.

மலைக் கிராம டீச்சர்:

நான் இருப்பது ஏற்காடு டவுனைத் தாண்டி உள்ளே. சிக்னல் வந்தால் வரும். பிள்ளைகளுக்கான பாட வீடியோவை என் லேப்டாப்பிலிருந்து மற்ற டீச்சர்களின் போனுக்கு அனுப்ப முன்பு ஒரு ஆப் வைத்திருந்தோம். 2020 ஜூனில் தடையான 59 செயலிகளில் அதுவும் ஒன்று. இப்போது லோக்கல்செண்ட். விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றுக்கும் இருக்கிறது. இணையமே வேண்டாம், ஒருவர் போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் போதும்.

இறக்குவதற்குத்தான் இணையம் வேண்டும். அதனால் சேலம் இறங்கும்போது எல்லா வகைக்கும் ஒவ்வொன்று இறக்கி வைத்துக்கொள்கிறேன். எந்தக் கணினிக்கு எது, எந்தத் தேதியில் எடுத்தது என்று ஒரு சின்னக் குறிப்பும் கூடவே. புதிதாக வரும் டீச்சருக்கு அந்தக் குறிப்பு இருந்தால் நான் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்.

கேமராவும் கையுமாக:

தமிழில் பைல் பெயர் வைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

சேர்வராயன் மலைப் படங்களை மேக்கிலிருந்து லினக்ஸ் பெட்டிக்கு அடைவுகளை அப்படியே நகலெடுக்கும் ஆர்சிங்க் என்ற மென்பொருள் கொண்டு அனுப்பி வைப்பேன். ஒரு நாள் பார்த்தால் 'சேர்வராயன் கோயில்' என்று இரண்டு அடைவு. 'கொண்டை ஊசி வளைவு' இரண்டு. 'காப்பித் தோட்டம்' இரண்டு. ஆனால் 'ஏரி', 'மான் பூங்கா' ஒன்றுதான். ஒரு வாரம் மண்டையைக் குடைந்தேன்.

காரணம் கொ, கோ, கௌ. ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த 'ஒ' குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பழைய மேக்கின் வட்டு அமைப்பு பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். லினக்ஸ் வந்ததை வந்தபடியே வைக்கும். அதனால் லினக்ஸில் நேரடியாகத் தட்டச்சு செய்த 'கோயில்' வேறு, மேக்கிலிருந்து வந்த 'கோயில்' வேறு. ஆங்கிலப் பெயர் வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை வராது. ஆனால் என் படங்களுக்குத் தமிழில் பெயர் வைப்பதை நான் விடுவதாக இல்லை.

ஆர்சிங்க்கில் ஐகான்வ் என்ற விருப்பம் உண்டு, மேக் பக்கம் யு.டி.எஃப்-8-மேக், லினக்ஸ் பக்கம் யு.டி.எஃப்-8 என்று கொடுத்தால் வழியிலேயே சேர்த்துவிடும். என் மேக்கோடு வந்த ஆர்சிங்க்கோ 2006-இல் வந்த 2.6.9. அந்த விருப்பம் 2008-இல் வந்த 3.0-இலிருந்துதான் இருக்கிறது. மேக்கில் மென்பொருள் நிறுவித் தரும் ஹோம்புரூ வழியாகப் புதியதைப் போட்ட பிறகு சரியானது. ஆக, அச்சக அண்ணன் சொன்னதுபோல் கணினியில் ஏற்கெனவே இருப்பதைப் பாருங்கள், அது எந்தப் பதிப்பு என்றும் பாருங்கள்.

கடைவீதி அச்சகம்:

இதைப் படித்ததும் எழுந்து போய் லினக்ஸ் பெட்டியைத் திறந்தேன். 'கோயில் நோட்டீஸ்' இரண்டு இருக்கிறது. ஒன்றில் 41 பைல், இன்னொன்றில் 12. இரண்டிலும் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா நோட்டீஸ் என்று ஒரே பெயரில் ஒரு பைல், அளவு மட்டும் வேறு. எது திருத்தியது என்று தெரியவில்லை. தம்பி காலையில் மேக்கோடு வருவான். அதுவரை பிளேட் எடுக்க வேண்டாம் என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன்.