அலமாரியில் ஓடும் வெள்ளை நிறக் குட்டிப் பூச்சிகள்: இவை இராமபாணப் பூச்சியின் குஞ்சுகளா?

கேள்வி:

எங்கள் வீட்டுப் புத்தக அலமாரியின் அடித்தட்டிலிருந்து புத்தகங்களை எடுக்கும்போதெல்லாம், எள்ளளவே உள்ள வெள்ளை நிறப் பூச்சிகள் சில, வெளிச்சம் பட்டவுடன் விரைந்தோடி மறைகின்றன. அலமாரி சாய்ந்திருக்கும் சுவருக்கு மறுபக்கம் குளியலறை இருக்கிறது. இராமபாணம் அல்லது வெள்ளிமீன் என்று சொல்லப்படும் பெரிய பூச்சியை நான் முன்பே பார்த்திருக்கிறேன்; அதன் உடல் பளபளக்கும். இவற்றிலோ அந்தப் பளபளப்பே இல்லை. இவை அதன் குஞ்சுகளா, கறையான்களா, அல்லது வேறு ஏதேனும் பூச்சியா? வீட்டில் தவழும் குழந்தை இருப்பதால் மருந்து தெளிக்கத் தயங்குகிறேன். அறிந்தவர்கள் வழி கூற வேண்டுகிறேன்.

முதல் பதில்:

நீங்கள் தரும் விவரங்களை வைத்துப் பார்த்தால், அவை வெள்ளிமீன் குஞ்சுகளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வண்ணத்துப்பூச்சியைப் போலப் புழு, கூட்டுப்புழு என்ற நிலைகள் இந்தப் பூச்சிக்கு இல்லை. முட்டையிலிருந்து வெளிவரும்போதே தாயின் வடிவத்தில்தான் இருக்கும். ஆனால் அப்போது அதன் நீளம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்தான், நிறமும் வெறும் வெள்ளை. உடலுக்கு வெள்ளிப் பளபளப்பைத் தருபவை அதன் மேலுள்ள நுண்ணிய செதில்கள். சில முறை தோலுரித்த பிறகே அவை தோன்றும் என்பதால், பளபளப்பு இல்லாததை வைத்து இது வெள்ளிமீன் அல்ல என்று முடிவு செய்துவிடக் கூடாது.

உறுதி செய்துகொள்ள, ஒன்றை ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவில் பிடித்து உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் பாருங்கள். தலைப்பக்கம் அகன்று, வால்பக்கம் படிப்படியாகக் குறுகும் தட்டையான உடல், முன்புறம் இரண்டு நீண்ட உணர்கொம்புகள், பின்புறம் மூன்று மெல்லிய இழைகள் ஆகிய மூன்றும் தெரிந்தால் ஐயமே வேண்டாம். அந்த இழைகள் எளிதில் முறிந்துவிடும் என்பதால் ஒன்றோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று பூச்சிகளைப் பார்ப்பது நல்லது. கறையானுக்கு இந்த வால் இழைகள் கிடையாது. அது கூட்டமாக மண் பாதை அமைத்து நடமாடும், வெளிச்சத்தில் இவ்வளவு வேகமாக ஓடாது. பழைய தாள்களில் காணப்படும் புத்தகப் பேனும் வெளிர் நிறம்தான் என்றாலும், அது 1 அல்லது 2 மில்லிமீட்டருக்கு மேல் வளராது. வயிற்றுப்பகுதி பருத்திருக்கும், வாலும் இருக்காது.

குஞ்சுகள் கண்ணில் படுகின்றன என்றால், பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே முட்டை பொரிந்திருக்கிறது என்று பொருள். தாய்ப்பூச்சி சுமார் 1 மில்லிமீட்டர் அளவுள்ள முட்டைகளைச் சுவர் வெடிப்பிலும் பலகை இடுக்கிலும் இடுகிறது. அவை பொரிய, வெப்பநிலையைப் பொறுத்து, இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரை ஆகும். அதனால் வெளியே ஓடுவனவற்றை மட்டும் கொன்றால், அடுத்த தொகுதி இடுக்கிலிருந்து வந்துகொண்டே இருக்கும்.

இவற்றுக்கு மிகவும் உகந்தது 75 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஈரப்பதம். ஆகவே, உங்கள் குளியலறைச் சுவரைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கையளவு தள்ளி வைத்து, சுவரில் வண்ணம் உப்பியிருக்கிறதா, அடிப்பகுதியில் ஈரக்கறை இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். குழாய் கசிந்தால் அதைச் சரிசெய்யாமல் வேறு எதைச் செய்தாலும் பயன் குறைவு. ஈரப்பதமானி ஒன்றை அலமாரியின் பின்புறம் வைத்து, அளவு 50 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கும் வரை காற்றோட்டத்தையோ ஈரநீக்கியையோ பயன்படுத்துங்கள்.

இரண்டாம் பதில்:

புத்தகங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் இழந்தால் திரும்பப் பெற முடியாதவை அவைதாம். அட்டை ஒட்டிய பசையிலும் தாளின் மேற்பூச்சிலும் உள்ள மாவுச்சத்துக்காகவே இந்தப் பூச்சி வருகிறது. தாளின் மேற்பரப்பு ஒழுங்கற்ற திட்டுகளாகச் சுரண்டப்பட்டிருப்பதும், ஓரங்கள் அரிக்கப்பட்டிருப்பதும் அதன் அடையாளங்கள். பாதிக்கப்பட்ட புத்தகத்தின் மேல் எந்த மருந்தையும் தெளிக்காதீர்கள். அதை பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 18 டிகிரி செல்சியஸுக்கும் குறைந்த உறைநிலைப் பெட்டியில் ஒரு வாரம் வைத்தால், பூச்சியோடு முட்டையும் அழியும். வெளியே எடுத்ததும் பையைத் திறந்துவிட வேண்டாம். அறையின் வெப்பநிலைக்கு வரும் வரை காத்திருக்காவிட்டால் தாளில் நீர் படியும்.

கேட்டவர்:

உருப்பெருக்கியில் மூன்று வால் இழைகளும் தெளிவாகத் தெரிந்தன; சுவரின் அடியில் ஈரமும் இருக்கிறது, கசிவைச் சரிசெய்ய ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். அதுவரை தட்டுகளில் நாப்தலீன் உருண்டைகளைப் போட்டு வைக்கலாமா? இவை குழந்தையைக் கடிக்குமா?

மூன்றாம் பதில்:

கடிக்காது; நோய் பரப்புவதாகவும் அறியப்படவில்லை. உதிரும் செதில்கள் சிலருக்கு ஒவ்வாமையைத் தரக்கூடும், அவ்வளவுதான். அந்த நாப்தலீன் உருண்டையே குழந்தைக்குப் பூச்சியைவிடப் பெரிய ஆபத்து. விழுங்கினால் நஞ்சு என்பதோடு, ஜி6பிடி குறைபாடுள்ள (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள) குழந்தைகளுக்கு அதன் ஆவியே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும் என்பதால், தவழும் குழந்தை உள்ள வீட்டில் அதை வைக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. போரிக் அமிலத் தூளும் பயன் தரும். ஆனால் அதையும் குழந்தையின் கை எட்டும் இடத்தில் தூவக் கூடாது.

கசிவு நிற்கும் வரை பொறி வையுங்கள். ஒரு கண்ணாடிக் குப்பியின் வெளிப்புறத்தில் காகித நாடாவைச் சுற்றி, உள்ளே சிறு ரொட்டித் துண்டு ஒன்றைப் போட்டு, இரவில் அலமாரிக்குப் பின்னால் வையுங்கள். சொரசொரப்பான நாடாவைப் பற்றி ஏறும் பூச்சி உள்ளே இறங்கிவிட்டால், வழவழப்பான கண்ணாடியில் மேலேற முடியாது. பலகை இடுக்குகளையும் தரை ஓரங்களையும் வாக்குவம் கிளீனரின் குறுகிய முனையால் வாரந்தோறும் உறிஞ்சி, அந்தத் தூசியை உடனே வீட்டுக்கு வெளியே அகற்றுங்கள். முட்டைகளில் ஒரு பகுதி அதோடு போய்விடும். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு வெடிப்புகளை அடைத்துவிடலாம்.

குப்பியில் விழுபவற்றின் எண்ணிக்கையைவிட, அவை சிறியவையா பெரியவையா என்பதைக் கவனியுங்கள். சுவர் காய்ந்து இரண்டு மாதங்களுக்குப் பிறகும் வெள்ளைக் குஞ்சுகள் விழுந்தால், வேறொரு மூலையில் ஈரம் இருக்கிறது, அங்கே இன்னமும் முட்டை பொரிகிறது என்று கொள்ளலாம். கழுவுதொட்டியின் அடிப்பகுதி, துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்புறம், நெடுநாள் பிரிக்காத அட்டைப் பெட்டிகள் ஆகியவற்றை அப்போது தேடிப் பாருங்கள். பெரிய பூச்சிகள் மட்டும் எப்போதாவது விழுந்தால் கவலை வேண்டாம். அவை பல ஆண்டுகள் வாழக்கூடியவை, உணவின்றியும் மாதக்கணக்கில் தாங்கும். அவை தீரும் வரை குப்பியை அங்கேயே விட்டு வையுங்கள்.