காற்று மாசு புத்தாக்கத்தைத் தூண்டுகிறதா, முடக்குகிறதா?

கேள்வி: இளவெயினி

பொருளாதாரம் பயிலும் மாணவி நான். சீன நகரங்களைப் புகைமூட்டம் சூழ்ந்திருந்த ஆண்டுகளில்தான் அங்கே மின்பேருந்துகளும் சூரிய மின்தகடுகளும் வேகமாக வளர்ந்தன என்பதால், மாசே புத்தாக்கத்துக்கு உந்துதல் என்று வகுப்பில் ஒரு தரப்பினர் வாதிட்டார்கள். நுண்துகள்கள் சிந்திக்கும் திறனைக் குறைக்கின்றன என்றும் படித்திருக்கிறேன். இவ்விரண்டும் எப்படிப் பொருந்தும்?

மறுமொழி: மெய்யப்பன்

உந்தியது மாசு அன்று, சட்டம். லாஸ் ஏஞ்சலிஸ் மக்கள் 1943 முதலே கண் எரிச்சலோடு வாழ்ந்தார்கள். வாகனப் புகை வெயிலில் வினைபுரிந்து ஓசோனாகிறது என்பதை ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் 1950களின் தொடக்கத்தில் விளக்கிவிட்டார். ஆயினும், கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பன்களையும் 90 சதவீதம் குறைக்க வேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் கெடு விதித்த பிறகுதான் பெரிய மாற்றம் வந்தது. ஹோண்டா நிறுவனம் சிறு முன்னறையில் பெட்ரோல் செறிந்த காற்றுக் கலவையைப் பற்றவைத்து, அந்தச் சுவாலையால் பிரதான அறையின் நீர்த்த கலவையை எரிக்கும் எஞ்சினை உருவாக்கியது. மற்ற நிறுவனங்களில் பெரும்பாலானவை 1975 மாடல் கார்களில், புகையிலுள்ள நச்சு வாயுக்களை வேதிவினையால் தீங்கு குறைந்தவையாக மாற்றும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைப் பொருத்தின. அதன் உள்ளே பிளாட்டினம், பல்லேடியம் பூசிய பரப்பின்மீது ஈயம் படிந்தால் வினையே நின்றுவிடும் என்பதால், ஈயமற்ற பெட்ரோலும் கூடவே வந்தாக வேண்டியிருந்தது.

மறுமொழி: தமிழ்க்குமரன்

மேலே சொன்னது புத்தாக்கத்தின் திசையைப் பற்றியது. அதைச் செய்யும் மனிதர்களின் நிலை வேறு. ஜெர்மனியில் சதுரங்கப் போட்டி அரங்குகளுக்குள் காற்றை அளந்து, ஒவ்வொரு நகர்வையும் கணினியால் மதிப்பிட்ட ஆய்வாளர்கள், நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் தவறான நகர்வுக்கான வாய்ப்பு சுமார் 2 சதவீதப் புள்ளிகள் உயர்வதையும், நேர நெருக்கடியில் அந்தப் பாதிப்பு மேலும் கூடுவதையும் கண்டார்கள். ஆய்வகத்தில் அமர்ந்து யோசிப்பவரின் வேலையும் இதே வகைதானே! கதவைச் சாத்திக்கொண்டாலும் முழுத் தப்பிப்பு இல்லை, ஏனெனில் 2.5 மைக்ரானுக்கும் குறைவான துகள் கட்டடங்களுக்குள் எளிதாக நுழைந்துவிடுகிறது.

மறுமொழி: பூங்குழலி

வகுப்பில் எழுந்த வாதத்தில் ஒரு பிழை இருக்கிறது. தொழில் வளம் மிகுந்த நகரத்தில் புகையும் அதிகம், காப்புரிமைகளும் அதிகம். ஆகவே அவ்விரண்டையும் நேரடியாக ஒப்பிட்டால் மாசு நன்மை செய்வதாகவே தோன்றும். இதைத் தவிர்க்கத்தான் ஆய்வாளர்கள், தொழில் வளத்தோடு தொடர்பின்றி மாசை மாற்றுகிற காரணிகளைத் தேடி, காற்றின் திசையையோ, புகையைத் தரைமட்டத்தில் சிறைவைக்கும் வெப்பநிலைத் தலைகீழ்மாற்றத்தையோ, சீனாவின் ஹுவாய் ஆற்றையோ துணைகொள்கிறார்கள். அந்த ஆற்றுக்கு வடக்கே மட்டும் குளிர்காலத்தில் நிலக்கரியால் வீடுகளைச் சூடாக்க அரசு ஏற்பாடு செய்ததால், இரு கரைகளுக்கும் இடையிலான மாசு வேறுபாடு பெருமளவு கொள்கையால் விளைந்தது.

சுத்திகரிப்புக் கருவிகளுக்கான காப்புரிமை பெருகுவதை மட்டும் எண்ணுவதும் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பொறியாளர்களின் உழைப்பு வேறு துறைகளிலிருந்து திருப்பப்பட்டதாகவும் இருக்கலாம்.

இளவெயினி

மிக்க நன்றி. அப்படியானால் ஈயமற்ற பெட்ரோல் இருபுறமும் பயன்பட்டிருக்கிறதே? ஈயம் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு அல்லவா?

பூங்குழலி

ஆம். இந்தியாவிலும் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வர்ட்டர் கட்டாயமானபோதுதான் ஈயமற்ற பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2000இல் அது நாடு முழுவதும் பரவியது. அதற்குப் பின் பிறந்த பிள்ளைகள் இப்போது உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுடைய கற்றல் திறனில் விளைந்த பயனை எந்தக் காப்புரிமைக் கணக்கும் காட்டாது.