மரைப்பிசகு: ‘குறுக்குப்புரி’க்கு ஒரு மாற்று

அன்புள்ள ஐயா,

> க்ராஸ் த்ரெடிங் என்பதற்குக் ‘குறுக்குப்புரி’ என்று போட்டுவிடலாமா? பைக் கையேட்டில் பிளக் மாற்றும் பகுதியில் இரண்டு இடத்தில் வருகிறது.

வேண்டாம் என்பது என் கட்சி. ஆங்கிலத்தில் ‘க்ராஸ்’ இருக்கிறது என்பதற்காக நாமும் குறுக்கே போக வேண்டியதில்லை. அங்கே எதுவும் எதையும் குறுக்காக வெட்டவில்லை. ஸ்பார்க் பிளக் தன் துளைக்குள் கொஞ்சம் சாய்ந்து நுழைகிறது. அதன் மரை, அதாவது திருகு வரி, ஒரு பக்கம் சரியான பள்ளத்திலும், எதிர்ப்பக்கம் ஒரு பள்ளம் தள்ளியும் உட்கார்ந்துவிடுகிறது. அப்படியே முறுக்கினால் பிளக்கின் எஃகு, இன்ஜினின் தலைப்பாகமான ஹெட்டின் அலுமினியத்தைச் சீவித் தனக்கென்று புதுப்பாதை போட்டுக்கொள்ளும். விலை குறைந்த பிளக்குக்கு ஒன்றும் ஆகாது. போவது ஹெட்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டு வாசலிலேயே என் பழைய 100 சிசி வண்டிக்குப் பிளக் மாற்ற உட்கார்ந்தேன். புதுப் பிளக்கை ஸ்பேனருக்குள் வைத்து, கம்பியைப் போட்டு, முதல் சுற்றிலிருந்தே முறுக்கினேன். இரண்டாவது சுற்றில் இறுகியது. கரி படிந்திருக்கும் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். ஏறிவிட்டது! வண்டியும் ஓடியது. பத்து நாள் கழித்து மேடு ஏறும்போது பிளக் பக்கமிருந்து ‘புஸ் புஸ்’ என்று காற்றுக் கசியும் சத்தம். பட்டறை அண்ணன் கழற்றிப் பார்த்துவிட்டுத் திட்டக்கூட இல்லை. “முதல்ல கையால போடணும் தம்பி. ஸ்பேனர்ல போட்டா எதுவும் ஏறும்” என்றார். அப்புறம் ஹெட்டைக் கழற்றி, துளையைப் பெரிதாக்கி, டேப் என்ற கருவியால் புது மரை வெட்டி, உள்ளே பூஷ் என்ற மரை வைத்த உலோக வளையத்தைப் போட்டுக் கொடுத்தார்.

அவர் சொன்னதில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்த வண்டியின் பிளக் 10 மி.மீ. விட்டம், மரைப் பகுதியின் நீளம் 12.7 மி.மீ.; புரியிடைத் தூரம் (அடுத்தடுத்த இரு மரைகளுக்கு இடையிலான தூரம்) 1 மி.மீ. ஆக, சுத்தமான துளையில் ஏறக்குறைய பன்னிரண்டு சுற்று விரலாலேயே இறங்க வேண்டும். இரண்டே சுற்றில் இறுகினால் அது கரி இல்லை.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். பட்டறையில் எல்லாவற்றுக்கும் ‘மரை போச்சு’ என்பார்கள். கேட்கிற காதுக்கு அது போதும், கையேட்டுக்குப் போதாது. மரை மூன்று விதமாகப் போகிறது. நான் செய்தது போல நுழையும்போதே தடம் மாறுவது ஒன்று. சரியாக நுழைந்த பிளக்கை அளவுக்கு மீறி இறுக்கி மரையை வழித்தெடுப்பது இன்னொன்று, 10 மி.மீ. பிளக்குக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் (முறுக்கும் விசையின் அளவு) போதும், நீளமான கம்பியில் நம் ஆட்கள் போடும் இறுக்கு அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். மூன்றாவது, வருடக்கணக்கில் கழற்றாத பிளக் அலுமினியத்தைக் கடித்துக்கொண்டு, கழற்றும்போது மரையையும் பிய்த்துக்கொண்டு வருவது. இன்ஜின் சூடாக இருக்கும்போது கழற்றக்கூடாது என்பது இதனால்தான். முதல் தவறு முதல் சுற்றில், இரண்டாவது கடைசிச் சுற்றில், மூன்றாவது கழற்றும்போது. மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்தால், எந்த இடத்தில் கவனமாக இருப்பது என்று படிப்பவருக்குத் தெரியாது.

முதலாவதற்கு ‘மரைப்பிசகு’ என்று முன்வைக்கிறேன். கால் பிசகியது, நரம்பு பிசகியது என்கிறோமே, அதே பிசகு. இருக்க வேண்டிய இடத்திலிருந்து துளி நகர்ந்தது என்ற பொருளும் வருகிறது, செய்தவர் கைத்தவறு என்ற பொருளும் வருகிறது. வினையாகவும் வளைகிறது: மரை பிசகியது, பிசகிய மரை, மரை பிசகாமல் திருகவும். ‘குறுக்குப்புரி’யை இப்படி வளைத்துப் பாருங்கள். ‘குறுக்குப்புரியாமல் திருகவும்’ என்று வரும். படிப்பவர் நிஜமாகவே புரியாமல்தான் திருகுவார்.

‘மரைக்கோணல்’ என்றும் யோசித்தேன். தப்பில்லை. ஆனால் கோணல் என்றால் மரையே கோணலாக வெட்டப்பட்டது போல, பழி தயாரித்தவர் மேல் போகிறது. ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்ற கதையாகிவிடும்.

இரண்டாவதற்கு ‘மரைவழிப்பு’, மூன்றாவதற்கு ‘மரைக்கடிப்பு’. இவற்றில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

> பாடநூலில் புரி என்றுதானே இருக்கிறது? புரிக்கோல், புரியிடைத் தூரம்...

இருக்கட்டும். நானும் மேலே புரியிடைத் தூரம் என்றுதான் எழுதினேன். பள்ளியில் திருகு அளவி பிடித்த எல்லோருக்கும் தெரிந்த சொல்லை மாற்றுவானேன்? அளவைச் சொல்லும் இடத்தில் புரி, பொருளைச் சொல்லும் இடத்தில் மரை. பட்டறையில் ‘மரை பிடிக்குதா பாரு’ என்றுதான் கேட்கிறார்கள், ‘புரி பிடிக்குதா’ என்று யாரும் கேட்பதில்லை. பழம்பாட்டில் மரை என்பது மான் என்று அடுத்த மடல் வரும் என்று தெரியும். சிலிண்டர் ஹெட்டில் மான் மேயும் என்று யாரும் குழம்பமாட்டார்கள். வல்லின றகரம் மட்டும் போடாதீர்கள், அது வேதமாகிவிடும்.

> பொறிச்செருகி?

செருகுவதில்லையே ஐயா, திருகுகிறோம். ஆனாலும் புழக்கத்துக்கு வந்துவிட்ட சொல். முதல் தடவை தீப்பொறிச்செருகி என்று எழுதிவிட்டு, மற்ற இடங்களில் பிளக் என்றே விட்டுவிடலாம்.

கையேட்டுக்கு என் வரைவு கீழே. வெட்டலாம், திருத்தலாம்:

“இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பிளக்கைச் சுற்றியுள்ள தூசியை ஊதித் துடைத்துவிட்டுக் கழற்றவும். புதுப் பிளக்கின் தலையில் ஒரு சாண் பெட்ரோல் டியூபை மாட்டி, துளையில் நேராக நிறுத்தவும். முதலில் இடப்பக்கமாக மெல்லச் சுற்றவும்; மரையின் தொடக்கங்கள் சந்திக்கும் இடத்தில் பிளக் லேசாக ‘டொக்’கென்று இறங்கும். அங்கிருந்து வலப்பக்கம் திருகவும். மரை பிசகினால் டியூப் பிளக்கின் தலையில் வழுக்கிச் சுற்றும். உடனே நிறுத்தி, கழற்றி, மறுபடி தொடங்கவும். வாஷர் ஹெட்டில் படியும்வரை ஸ்பேனரைத் தொட வேண்டாம். படிந்தபின், புது வாஷரானால் ஸ்பேனரால் ஏறக்குறைய அரைச் சுற்று.”

டியூப் ‘வழுக்கும்’ என்பதா, ‘நழுவும்’ என்பதா என்பதில் மட்டும் எனக்குத் தெளிவில்லை. உங்கள் பக்கத்தில் எப்படிச் சொல்வார்கள்?