புதுப்பிப்பு: ஹைட்ரஜன் சல்பைடு டிடெக்டர் 18-லேயே நின்ற கதை

25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு) காலிபரேஷன் வாயு, அதாவது டிடெக்டரைச் சரிபார்க்க அளவு தெரிந்து வைத்திருக்கும் வாயு, கொடுத்தும் டிடெக்டர் 18-க்கு மேல் ஏறவில்லை, ஸ்பானை (காட்டும் அளவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) தூக்கி 25 ஆக்கிவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். நல்லவேளை, செய்யவில்லை. சென்சார் மேல் குற்றமே இல்லை.

சிலிண்டரில் மாட்டியிருந்தது பித்தளை ரெகுலேட்டர். ஹைட்ரஜன் சல்பைடு பித்தளையோடு வினைபுரியும். வாயுவில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடுகிறது. போதாக்குறைக்கு இரண்டு மீட்டருக்குச் சாதாரண பிளாஸ்டிக் குழாய் வேறு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரெகுலேட்டரும் ஒரு சாண் டெஃப்லான் குழாயும் போட்டு, நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் விட்டேன். முதலில் சடசடவென ஏறியது, அப்புறம் 22, 23 என்று தயங்கித் தயங்கி, மூன்றாவது நிமிடத்தில் 24-ல் நின்றது. அதன்பிறகுதான் ஸ்பானைத் தொட்டேன். டிடெக்டர் தன் அளவை 4 முதல் 20 மில்லிஆம்பியர் மின்னோட்டமாக அனுப்பும்; 0–100 ரேஞ்சில் 25-க்கு 8 மில்லிஆம்பியர் வரவேண்டும், மீட்டரில் 8.01.

அன்றே ஸ்பானைத் திருகியிருந்தால், 10 பிபிஎம் அலாரம் உண்மையில் சுமார் 7-லேயே அடித்திருக்கும். நாலு தடவை வீணாக அலறினால் அப்புறம் யார் மதிப்பார்கள்?

ஆமாம், இன்ஹிபிட் (சோதனையின்போது அலாரம் அடிக்காமல் தடுத்துவைப்பது) போட மறந்து சைரனை அலறவிட்டதும் நான்தான்.