கிட்டப்பா 1950-இல் எந்தச் சுருதியில் பாடியிருப்பார்?

தங்கை: ‘லால் சலாம்’ படத்தில் மறைந்த பாடகர்கள் சாகுல் ஹமீது குரலையும் பம்பா பாக்யா குரலையும் ஏ.ஐ. வைத்துக் கொண்டுவந்தார்களே, அந்தப் பாட்டை இன்றைக்குத்தான் ஹெட்போனில் ஒழுங்காகக் கேட்டேன். புல்லரித்துவிட்டது. பாடகர்களுக்கு இனிமேல் சாவே கிடையாது போல.

அண்ணன்: 2024 பாட்டுக்கு இப்போதுதான் புல்லரிக்கிறதா 😂

அத்தை: எனக்கு அது ஒட்டவில்லை அம்மா. குடும்பத்தாரிடம் கேட்டு, சன்மானமும் கொடுத்துத்தான் செய்தார்கள். அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சாகுல் ஹமீது தொண்ணூறுகளிலேயே போனவர். இருந்திருந்தால் 2024-இல் அதே குரலிலா பாடியிருப்பார்? கால் நூற்றாண்டு போயிருக்குமே. குரல் கொஞ்சம் கனத்திருக்கும். மேலே போகும் இடத்தில் ஒரு நொடி யோசித்துவிட்டுப் போவார். அந்த யோசனையை மெஷின் எங்கிருந்து எடுக்கும்?

நான்: அத்தை சொல்வது சரி. மெஷினிடம் இருப்பது அவருடைய பழைய ரெக்கார்டிங்தான். அவர் பாடாமல் விட்ட வருடங்கள் அதில் இல்லை. பாடகி பவதாரிணி குரலை அதே வருடம் அவர் தம்பி யுவன் கொண்டுவந்தது வேறு கதை, பவதாரிணி போய் சில மாதம்தான் ஆகியிருந்தது.

பெரியப்பா: 🎤 குரல் செய்தி (4:12)

தங்கை: பெரியப்பா, சத்தத்துக்கு நடுவில் இருக்கிறேன், டைப் பண்ணுங்கள் ப்ளீஸ்

பெரியப்பா: கிட்டப்பா

பெரியப்பா: கைபட்டுப் போய்விட்டது. இரு, முழுதாகச் சொல்கிறேன்.

பெரியப்பா: நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா பிறந்தது 1906. இறந்தது 1933 டிசம்பர். 27 வயது. தமிழ் பேசும்படம் வந்தது 1931-இல். கையெட்டும் தூரத்தில் சினிமா வந்து நின்றது, அவர் ஒரு படத்திலும் நடிக்காமலே போய்விட்டார். நமக்கு மிச்சம் இசைத்தட்டுகள்தான். அவர் பழகிய நாடக மேடையில் மைக் கிடையாது. கடைசி வரிசையில் இருப்பவன் காதுக்கு எட்ட வேண்டுமென்றால் சுருதியை ஏற்றி வைத்துத்தான் பாட வேண்டும். கிட்டப்பாவின் பெருமையே அந்த உச்சத்தில் பிசிறில்லாமல் பிருகா, அதாவது மின்னல் வேகச் சுர வரிசை, உருள்வதுதான்.

அண்ணன்: அப்படியென்றால் இருந்திருந்தால் அவர்தான் முதல் சூப்பர் ஸ்டார். தியாகராஜ பாகவதருக்கு இரண்டாவது இடம்.

பெரியப்பா: அவசரப்படாதேடா. மைக் வந்தபிறகு அந்த உச்சம் யாருக்கு வேண்டும்? மைக்கருகில் முணுமுணுத்தால்கூடக் கடைசி வரிசைக்குக் கேட்கும். நாற்பது வயதில் அவர் சுருதியை இறக்கியே ஆக வேண்டும். இறக்கிய கிட்டப்பா எப்படி இருந்திருப்பார் என்பதுதான் என் கேள்வி. பிருகா குறைந்து உணர்ச்சி கூடியிருக்குமா? இல்லை, பழைய உச்சத்தைப் பிடிக்கப்போய்த் தொண்டையைக் கெடுத்துக்கொண்டிருப்பாரா?

சித்தப்பா: நீங்கள் எல்லாரும் இருந்திருந்தால் நன்றாக இருந்திருப்பார் என்று முடிவுகட்டிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறீர்கள். பாகவதர் இருந்தாரே, என்ன ஆயிற்று? 1944-இல் ‘ஹரிதாஸ்’. அதே வருடம் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைது. 1947-இல் விடுதலையாகி வெளியே வந்தால் ரசிகனின் காது மாறிவிட்டது. நடிக்க ஒருவர், பாட ஒருவர் என்று தொழிலே பிரிந்துகொண்டிருந்தது. 1959-இல் 49 வயதில் போனார். 1947-இல் கிட்டப்பாவுக்கும் 41 ஆகியிருக்கும். அதே சுவரில்தான் முட்டியிருப்பார்.

அத்தை: கச்சேரி மேடை என்று ஒரு கதவு இருந்ததே தம்பி. 1940-இல் ஜி.என். பாலசுப்பிரமணியமும் எம்.எஸ். சுப்புலட்சுமியும் ‘சகுந்தலை’யில் ஜோடியாக நடித்தவர்கள்தானே. இரண்டு பேரும் கடைசியில் கச்சேரிக்கே போய் நிலைத்தார்கள்.

சித்தப்பா: 🤐

அத்தை: இன்னொன்றும் சொல்கிறேன். கிட்டப்பாவுக்கு மட்டும் மீதி வாழ்க்கை எழுதிக் கொடுக்கிறீர்கள். அவர் போனபோது மனைவி கே.பி. சுந்தராம்பாளுக்கு 25 வயது. வெள்ளைப் புடவைக்கு மாறி ஒதுங்கினார். அப்புறம் 1935-இல் நந்தனாராக நடித்துத்தான் சினிமாவுக்கு வந்தார். கிட்டப்பா உயிரோடு இருந்திருந்தால் இந்த அம்மாள் நந்தனார் வேஷம் கட்டியிருப்பாரா என்பதே சந்தேகம். 1953-இல் ஔவையார், 1965-இல் ‘திருவிளையாடல்’. அந்தக் குரலைக் கேளுங்கள். நாடக மேடையில் பாடிய இளம் பெண்ணின் குரல் இல்லை அது. ஐம்பது தாண்டிய குரல். அந்த வயது ஏறாமல் இருந்தால் முருகனிடம் அவ்வளவு உரிமையாகப் பேசும் ஔவை கிடைத்திருக்க மாட்டாள்.

பெரியப்பா: இதை நான் யோசிக்கவில்லை அம்மா. 👏

தங்கை: சரி, சொர்ணலதா? 2010-இல் 37 வயதில் போனார்.

அண்ணன்: டிவி பாட்டுப் போட்டியில் நடுவர். சிவப்பு நாற்காலி. கண் கலங்குவார், பொடியன் ஒருவன் காலில் விழுவான்.

அத்தை: பேட்டிக்கே கூச்சப்பட்டவரை நாற்காலியில் உட்கார வைக்காதே.

தங்கை: 14 வயதில் பாட வந்து, 21 வயதில் கருத்தம்மா பாட்டுக்குத் தேசிய விருது. 37-க்குள் ஒரு முழு ஆயுள் வேலை. எனக்கு அந்தக் குரலில் சோகத்தைவிடக் குறும்புதான் பிடிக்கும். ‘முக்காலா’ பாடியதும் அவர்தான் என்று என் சிநேகிதிகள் பல பேருக்குத் தெரியவே தெரியாது. அம்பது வயதில் அதே குறும்போடு ஒரு பாட்டு கொடுத்திருந்தால்?

நான்: கொடுத்திருப்பார்கள். எல்.ஆர். ஈஸ்வரியை 2011-இல் ‘ஒஸ்தி’க்குக் கூப்பிட்டுப் பாட வைத்தார்களே. எழுபதைத் தாண்டியவர், தியேட்டரில் விசில். ஆனால் நடுவில் எத்தனை வருடம் யாரும் கூப்பிடவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சொர்ணலதாவுக்கும் அப்படி ஒரு இடைவெளி வந்திருக்கும். 2010-க்குப் பிறகு ஒரு பாட்டுக்கு ஒரு புதுக்குரல் என்று ஆகிவிட்டது.

சித்தப்பா: இடைவெளி என்றதும் ஞாபகம் வருகிறது. ரோசினி என்று இத்தாலிக்காரர். 37 வயதுக்குள் ஓபரா என்கிற இசை நாடகங்களாக எழுதிக் குவித்துவிட்டு, 1829-இல் ‘வில்லியம் டெல்’லோடு நிறுத்திக்கொண்டார். 1868 வரை உயிரோடு இருந்தார், இன்னொரு ஓபரா கிடையாது. பின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸ் 91 வயது வரை இருந்தார். கடைசி முப்பது வருடம் பெரிதாக ஒன்றும் வெளியே வரவில்லை. ரோசினி 37-இல் இறந்திருந்தால் “ஐயோ, இன்னும் நாற்பது ஓபரா போச்சே” என்று அழுதிருப்போம். ஒன்றும் போகவில்லை.

அண்ணன்: சித்தப்பா இருக்கும் குழுவில் கனவுகூடக் காண முடியாது

நான்: ரோசினி அடியோடு நிறுத்தவில்லை சித்தப்பா. கிழவரானபிறகு வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்காகச் சின்னச் சின்ன உருப்படிகள் நூற்றுக்கு மேல் எழுதினார். ‘முதுமையின் பாவங்கள்’ என்று அவரே பெயர் வைத்தார். குறும்பும் கிண்டலுமாக இருக்கும். ஓபரா எழுதிய இளைஞன் அதை எழுதியிருக்க முடியாது.

சித்தப்பா: சரி, ஒரு புள்ளி உனக்கு.

நான்: நம் இஷ்டத்துக்குக் கற்பனை செய்யாமல், போகும் முன் அவர்கள் எந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்கள் என்று பார்த்தால் ஓரளவு பிடிபடும். ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட் 31 வயதில், 1828 நவம்பர் 19-இல் இறந்தார். நவம்பர் 4-ஆம் தேதி என்ன செய்தார் தெரியுமா? கவுன்டர்பாயிண்ட் கற்றுக்கொள்ள செக்டர் என்ற ஆசிரியரிடம் முதல் பாடத்துக்குப் போனார். அறுநூறு பாட்டு எழுதி முடித்தவர், பல மெட்டுகளைப் பின்னிச் செல்லும் கணக்கில் தான் இன்னும் மாணவன் என்று உட்கார்ந்திருக்கிறார். இரண்டாவது பாடம் நடக்கவில்லை. இருந்திருந்தால் இன்னும் அறுநூறு பாட்டு என்று நான் நினைக்கவில்லை. ஆளே மாறியிருப்பார்.

தங்கை: ஆங்கிலேயப் பாடகி ஏமி வைன்ஹவுஸ் 2011 மார்ச்சில் அமெரிக்கப் பாடகர் டோனி பென்னட்டோடு பாடினாரே, அதுவும் இந்தக் கணக்குதானே? 27 வயதுப் பெண், 84 வயதுக் கிழவரோடு பழைய ஜாஸ் பாட்டு. நான்கே மாதத்தில் அவள் இல்லை. கிழவர் 95 வயதில் மேடை ஏறினார். 😞

நான்: அதேதான். ஏமி ஜாஸ் பக்கம் போய் அங்கேயே தங்கியிருப்பார் என்பது என் பந்தயம்.

பெரியப்பா: அப்படிப் பார்த்தால் மாண்டலின் சீனிவாசை விட்டுவிட்டீர்களே. 1969-இல் பிறந்து 2014-இல் போனவர், 45 வயது. இரட்டைத் தந்தி மாண்டலினை ஐந்து ஒற்றைத் தந்தியாக்கி, சுரத்தை அசைத்து இழைக்கும் கமகத்துக்கு வளைத்தவர். கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லினோடு ‘ரிமெம்பர் ஷக்தி’ குழுவில் வாசித்தார். அந்த ஷக்திக்கு 2024 பிப்ரவரியில் கிராமி கிடைத்தபோது அவருக்கு 54 ஆகியிருக்கும். பையனாக மேடை ஏறிய நாளிலிருந்து எல்லாரும் அவரிடம் கேட்டது வேகம். ஐம்பதுக்கு மேல் விரல் தானாக நிதானமாகும். அரை மணி நேரம் ஒரே ராகத்தை விளம்பத்தில், மெதுநடையில் இழைத்திருப்பார். வேகத்துக்குக் கைதட்டியவர்கள் எழுந்து போயிருந்தாலும் போயிருப்பார்கள். நான் உட்கார்ந்திருப்பேன்.

அத்தை: நானும் அண்ணா.

அண்ணன்: வேகமாகவும் வாசித்திருப்பார் பெரியப்பா, விடுங்கள்

சித்தப்பா: அந்த ஷூபர்ட் கடைசி வருடம் எழுதியதில் எதைக் கேட்டால் நீ சொல்லும் திருப்பம் தெரியும்?

நான்: பி ஃபிளாட் பியானோ சொனாட்டா, 1828 செப்டம்பர். முதல் பகுதியே இருபது நிமிடம் போகும். பொறுமை இல்லையென்றால் இரண்டாவதிலிருந்து ஆரம்பியுங்கள்.

சித்தப்பா: லிங்க் போடு. ரோசினியின் பாவங்களையும் சேர்த்துப் போடு.