வெள்ளை வைன் அஞ்சு வருஷத்துல செத்துடுமாம்!

தேய்பிறை:
விருந்துக்கு என்ன வாங்கலாம்னு ஒருத்தர் கேட்ட இழையில நேத்து குசினிக்காரன் எழுதினதை அப்படியே போடறேன்: "பத்து வருசம் வைக்க வேணுமெண்டால் சிவப்பு வாங்குங்கோ. வெள்ளை அஞ்சு வருசத்தில செத்துப்போகும்." இதுக்குக் கைதட்டல் வேற. ஐயா, நான் இருக்கிறது பிரான்சுல, பர்கண்டி வைன் பிரதேசத்துத் திஜோன்ல. காரை எடுத்தா முக்கால் மணி நேரத்துல மெர்சோ, வெள்ளை வைனுக்குப் பேர்போன ஊர். அங்க ஒரு நிலவறையில ஷார்தொனேங்கிற வெள்ளைத் திராட்சையில செஞ்ச இருபது வயசு வைனை ஊத்திக் கொடுத்தாங்க. வறுத்த கொட்டை வாசம், வெண்ணெய், கடைசியில நாக்குல சுருக்குனு ஒரு புளிப்பு. லுவார் ஆத்தோரம் வூவ்ரேங்கிற ஊர்ல 1947ல பறிச்ச செனின்ங்கிற வெள்ளைத் திராட்சையோட வைனை இன்னைக்கும் ஜனங்க தேடி அலையறாங்க. போர்தோ பக்கத்து இனிப்பு வெள்ளையான சோத்தேர்ன் நல்ல வருஷமா அமைஞ்சா நூறு வருஷம் கூட நிக்கும். இவருக்கு அஞ்சு வருஷமாம்.

குசினிக்காரன்:
தம்பி, நான் பாரிசில 22 வருசம் ரெஸ்டோரண்ட் குசினியில நிண்டவன். நீங்கள் ஊத்திக் குடுத்ததைக் குடிச்சனீங்கள், நான் காசு குடுத்து வாங்கினனான். 1996 மெர்சோ, ஆறு போத்தல். 2005 இல மூத்தவளின்ர சாமத்தியவீட்டுக்குத் திறந்தால் நாலு போத்தல் பழுப்பு. பிளேன்ரீ நிறம். மணம் அடிபட்ட அப்பிள்பழம். சபையில வைக்கேலாமல் ஓடிப்போய் பியர் வாங்கினது. வூவ்ரே, சோத்தேர்ன் எல்லாம் இனிப்பு. சீனி போட்டால் மாங்காயும்தான் கிடக்கும். அது கணக்கில்லை.

தேய்பிறை:
1996ங்கிறதுதான் விஷயமே! 90கள் நடுவுலேர்ந்து பர்கண்டி வெள்ளைக்கு ஒரு சீக்கு வந்துது, ஊருக்கே தெரியும். காலத்துக்கு முன்னாடியே ஆக்சிஜன் ஏறிப் பழுத்துடும். தக்கை சரியில்லைன்னான் ஒருத்தன். கந்தகத்தைக் குறைச்சதாலன்னான் இன்னொருத்தன். பீப்பாயில மண்டியை ஓவரா கிளறினது, திராட்சையை நோகாம பிழியற புது மெஷின்னு ஆளுக்கொரு காரணம். ஒரே பெட்டியில ஒரு பாட்டில் தங்கமா இருக்கும், பக்கத்து பாட்டில் போயிருக்கும். இதுக்கு பயந்தே பல பேர் தக்கைத் தூளை அழுத்திச் செய்யற டியாம் தக்கைக்கு மாறிட்டாங்க. அது தயாரிப்புல வந்த கோளாறு, வெள்ளையோட ஆயுசு இல்ல. ஆறுல நாலு போச்சுன்னா மீதி ரெண்டு எப்படி இருந்துச்சு?

குசினிக்காரன்:
தக்கையால செத்தாலும் கந்தகத்தால செத்தாலும் செத்தது செத்ததுதானே. நாலு பழுப்பு.

முத்தியால்பேட்டை:
அண்ணாத்த, பாட்டிலை எங்க வெச்சிருந்தீங்க? எங்க தாத்தா பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவரு. அவர் சொல்வாரு, வைனும் குழந்தையும் ஒண்ணு, சூடும் வெளிச்சமும் ஆகாதுன்னு. 12, 13 டிகிரி இருக்கணும், கொஞ்சம் ஈரப்பதம் இருக்கணும், தக்கை காயாம படுக்க வைக்கணும்.

குசினிக்காரன்:
காவ், அதுதான் நிலவறை, எண்டால் என்னெண்டு பாண்டிச்சேரிக்காரர் எனக்குப் படிப்பிக்க வேண்டாம். எங்கட கட்டடத்துக்குக் கீழ காவ் இருக்குது. பக்கத்தில சுடுதண்ணிக் குழாய் போகுதுதான், அது வேற கதை.

முத்தியால்பேட்டை:
சுடுதண்ணிக் குழாயா!!! இவ்வளவு நேரம் இதை வயித்துக்குள்ளயே வெச்சிருந்தீங்களா? அத்தனை வருஷம் இட்லி குண்டான் பக்கத்துல வெச்சுட்டு பழுப்பு பழுப்புன்னு ஒப்பாரி.

குசினிக்காரன்:
அதே குழாய்க்குப் பக்கத்தில அதே வருசம் வச்ச மதிரான் சிவப்பு 2012 இல திறந்தன். கல்லு மாதிரி இருந்தது. குழாய் சிவப்பைக் கொல்லேல்லை, வெள்ளையைக் கொண்டுபோட்டுது. அப்ப எது பலம்?

தேய்பிறை:
மதிரான்னா தன்னாங்கிற சிவப்புத் திராட்சை. அந்தத் துவர்ப்புக்கு அதை மொட்டை மாடியில காயப்போட்டாலும் சாகாது. அதை வெச்சு மெர்சோவை அளக்கிறீங்களே. மீதி ரெண்டு பாட்டில்?

சும்மாவந்தேன்:
ஒரு சின்ன சந்தேகம். "நிக்கும்"னா கெடாம இருக்கிறதா, வெச்சா இன்னும் நல்லா ஆகிறதா? ரெண்டும் ஒண்ணு இல்லையே? அப்புறம், என் கையில முப்பது யூரோதான் இருக்கு. பத்து வருஷம் வைக்க என்ன வாங்கலாம்?

முத்தியால்பேட்டை:
இந்த மனுஷன்கிட்ட வைனைப் பத்திப் பேசறதே பாவம். போன வருஷ சந்திப்புக்கு நான் தூக்கிட்டு வந்த 2010 சாவெனியேர் வெள்ளை வைன்ல ஐஸ்கட்டி போட்டுக் குடிச்சவரு இவரு.

குசினிக்காரன்:
ஐஸ் போட்டது நானில்லை, உங்கட மச்சான். படமே கிடக்குது. அதுகும் பழுப்புத்தான்.

முத்தியால்பேட்டை:
அது பழுப்பு இல்ல, பொன்னிறம்! வயசானா சிவப்பு வெளுக்கும், வெள்ளைக்கு நிறம் ஏறும். இது அரிச்சுவடி. அது இனிப்பே இல்லாத செனின், அன்னைக்கு அதுதான் மேசையிலேயே முதல்ல காலியாச்சு.

குசினிக்காரன்:
நிறம் மாறுதெண்டு நீங்களே ஒத்துக்கொண்டிட்டியள். நன்றி.

தேய்பிறை:
சரி, பிரான்சோட கிழக்கு ஓரத்துல இருக்கிற ஜூராவுக்கு வாங்க. அங்க சவான்யேன்ங்கிற வெள்ளைத் திராட்சை. பீப்பாயில ஊத்தி, குறையறதை நிரப்பாம, மேல ஈஸ்ட் ஆடை படிய விட்டு, ஆறு வருஷம் மூணு மாசம் பக்கம் போகக் கூடாது, சட்டமே அப்படி. அப்புறம்தான் 62 சென்டிலிட்டர் குட்டை பாட்டில்ல அடைப்பாங்க. அஞ்சு வருஷத்துல வெள்ளை செத்துடும்னா இது பிறக்கவே ஆறு வருஷம் ஆகுதே, அதுக்கு என்ன சொல்றீங்க?

குசினிக்காரன்:
அதின்ர பேரே வான் ஜோன், மஞ்சள் வைன். வெள்ளை எண்டு ஆர் சொன்னது?

தேய்பிறை:
கடவுளே.

குசினிக்காரன்:
அதோட, திஜோனில இருந்துகொண்டு பர்கண்டி எண்டு இங்கிலீசில எழுதுறியள். பூர்கோன் எண்டு எழுதுங்கோ. ஊர்ப்பேரையே ஒழுங்காச் சொல்லத் தெரியாத ஆக்கள் வயசு சொல்ல வந்திட்டினம்.

தேய்பிறை:
நீங்க "பாரிஸ்"னுதானே எழுதறீங்க? "பாரீ"ன்னு எழுதுங்களேன். மீதி ரெண்டு பாட்டில் என்ன ஆச்சு? மூணாவது தடவை கேக்கறேன்.

குசினிக்காரன்:
மற்ற ரெண்டும் திறக்கேல்லை. காவுக்குள்ள கிடக்குது.

முத்தியால்பேட்டை:
அடப்பாவி! அஞ்சு வருஷத்துல சாகிறதை இத்தனை வருஷமா எதுக்குய்யா கட்டிக் காக்குறீங்க?

குசினிக்காரன்:
சின்னவளின்ர கலியாணத்துக்கு. சமையலுக்கு. மீன் அவிக்க.

தேய்பிறை:
இந்த ஞாயித்துக்கிழமை ஒண்ணைத் திறந்து, வெள்ளைத் துணிக்கு முன்னாடி கிளாஸை வெச்சு படம் போடுங்க. பார்த்துடலாம்.

குசினிக்காரன்:
திறக்கமாட்டன். பழுப்பெண்டால் குழாய் எண்டுவியள், இல்லையெண்டால் துள்ளுவியள். நாலு பழுப்பு, அது காணும்.

நெறியாளர்:
ஐஸ்கட்டி, மச்சான், ஊர்ப்பேர் எல்லாம் தலைப்புக்கு வெளியே. இன்னொரு தடவை வந்தா பூட்டிடுவேன்.

சும்மாவந்தேன்:
முப்பது யூரோ?

தேய்பிறை:
வெள்ளைன்னா வூவ்ரேயில "செக்"னு போட்டது, இனிப்பு இருக்காது. சிவப்புன்னா நல்ல ஆள் செஞ்ச சினோன், இல்லன்னா காசுக்குள்ள கிடைச்சா பந்தோல், அது மூர்வேத்ர் திராட்சை, சின்ன வயசுல முறைக்கும், பத்து வருஷம் விட்டா வழிக்கு வரும். ரெண்டு நிறத்துலயும் ஒவ்வொண்ணு வாங்கி வெச்சுப் பாருங்க.

குசினிக்காரன்:
மதிரான் வாங்குங்கோ தம்பி. முப்பதுக்கு ரெண்டு போத்தல் வரும். வெள்ளை வாங்கினால் பழுப்பு.

முத்தியால்பேட்டை:
படத்தைப் போடுங்க பார்ப்போம். ஐஸ் போட்டது என் மச்சானா, நீங்களான்னு.